கண்மாய்க்கரைக்கு வாருங்கள்!

தோழர்களே,

மழை விட்டுவிட்டது. தை பிறந்துவிட்டது. நனைந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு நகரவிடாத நம் கரிசல் மண், இப்போதுதான் இறுகிக் காலுக்கு இடம் கொடுக்கிறது. பங்குனி கடந்தால் அதே மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். காலை எட்டு மணிக்கே தலையைப் பிளக்கும் வெயில் வந்துவிடும். இடையில் நமக்குக் கிடைப்பவை சில ஞாயிற்றுக்கிழமைகள்தான். அந்த ஞாயிறுகளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் என்று இந்தப் பட்டாசு வட்டாரம் முழுக்க உள்ள கண்மாய்க்கரைகளிலும், ஓடை ஓரங்களிலும், பழைய வண்டிப்பாதைகளிலும் கூட்டமாக ஓட அழைக்கிறோம். இதில் பந்தயம் இல்லை, பதக்கம் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. முந்துகிறவரும் பிந்துகிறவரும் ஒன்றாய்ப் போய் ஒன்றாய்த் திரும்பும் ஓட்டம் இது. மார்ச் 22-ஆம் தேதி கிராமசபை கூடுவதற்குள் இந்த ஓட்டத்தின் வழியாக ஒரு வேலையை முடித்தாக வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம்? ஊர் வளர்கிற வேகத்தைப் பாருங்கள். 1920-இல் நகராட்சியான சிவகாசி, திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. ஊரைச் சுற்றி வெளிவட்டச் சாலை வருகிறது. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. நேற்றுவரை கம்பும் பருத்தியும் விளைந்த காடுகளில் இன்று மனைக்கல் நிற்கிறது. வேலை வரட்டும், சாலை வரட்டும். பஞ்சம் பிழைக்கக் கல்கத்தாவரை போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர் இது; பிழைப்பின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் வளர்கிற ஊருக்கு மூச்சு விட ஒரு வெளி வேண்டும். அந்த வெளியை யாரும் புதிதாக உண்டாக்கித் தரப்போவதில்லை. ஏற்கெனவே இருக்கிறது. நம் கண்ணெதிரே மறைந்துகொண்டும் இருக்கிறது.

ஒரு பாதை எப்படிச் சாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் நடமாட்டம் நிற்கும். எல்லோர் வீட்டிலும் வண்டி வந்த பிறகு கண்மாய்க்கரை வழியாக நடந்துபோக ஆள் இருக்காது. அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் சாய்ந்து முள்ளால் வழியை மூடும். ஆள் வராத இடம் என்று தெரிந்ததும் ஒரு டிராக்டர் இரவோடு இரவாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போகும். அதன்மேல் கோழிக்கழிவு, அதன்மேல் காகிதக் கழிவு. பிறகு ஒருநாள் அங்கே கம்பிவேலி முளைத்திருக்கும். கிராம வரைபடத்தில் அந்த வண்டிப்பாதை அப்படியே இருக்கும். ஓடைப் புறம்போக்கு என்று பதிவேடும் சொல்லும். தரையில் மட்டும் எதுவும் இருக்காது.

பாதையோடு தண்ணீரும் போகிறது, தோழர்களே. நம் கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேல்கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து, ஓடை வழியாகக் கீழ்க்கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. இந்த ஓடைகளின் ஓரமாகத்தான் ஆடுமாடு போன வழியும் வண்டி போன வழியும் இருந்தன. ஓடைக்கரையில் ஆள் நடக்கும்வரை ஓடை அடைபட்டால் அன்றே தெரிந்துவிடும். இப்போதோ ஐப்பசி அடைமழையில் தெருவுக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான், எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று தேடுகிறோம். ஏரி குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சட்டம் தானாக எழுந்து கரைக்கு வராது. பார்த்த கண்ணும், சொல்லும் வாயும், துணைக்கு நிற்கும் ஆட்களும் வேண்டும்.

வாரம் தவறாமல் ஐம்பது பேர் ஓடும் கரையில் குப்பை கொட்ட எந்த டிராக்டருக்குத் துணிச்சல் வரும்? ஐம்பது பேருக்குத் தெரிந்த பாதையை எந்த வேலி சத்தமில்லாமல் மறிக்க முடியும்? முள்ளை ஒருமுறை வெட்டிவிட்டுப் போனால் மறு மழைக்கு அது திரும்ப முளைக்கும். வாரம் ஒருமுறை மனிதக் கால் படுகிற இடத்தில் பாதை பாதையாகவே இருக்கும். பொது வழியைக் காக்க இதைவிடச் செலவில்லாத வழி நமக்குத் தெரியவில்லை.

நம் மண்ணில் ஓட்டம் என்றால் என்ன பொருள் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வெடிச்சத்தம் கேட்டதும், எந்த ஆபீஸ் என்று பதறிக்கொண்டு ஓடுகிற ஓட்டம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடி ஆபீஸ் ஒன்றில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அவர்களில் பலர் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களே அல்லர். தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்று தலைமுறை தலைமுறையாக உழைக்கிற இந்த வட்டாரத்துக்குப் பயத்தில் ஓடத் தெரியும். கூடி மகிழ்ந்து ஓட நேரமும் இடமும் யாரும் நமக்குத் தந்ததில்லை. அதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பும் அதைத்தான் கேட்கிறது. விடிவதற்கு முன் கம்பெனி வேன் ஏறி, நாள் முழுக்கச் சம்மணமிட்டுக் குழாய் ஒட்டியும் சரம் பின்னியும் மாலையில் எழும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும் அக்காமார்கள் எத்தனை பேர்! ஆப்செட் மிஷின் முன் நின்றே கால் வீங்கிய தம்பிகள் எத்தனை பேர்! மருந்துத்தூசியும் மை வாடையும் இல்லாத காற்றை வாரம் ஒரு மணி நேரமாவது நெஞ்சு நிறைய இழுக்க வேண்டாமா? வசதி உள்ளவர்கள் ஜிம்முக்குப் போகட்டும். நமக்கு ஆனைக்குட்டம் அணை இருக்கிறது, அர்ச்சுனா நதி இருக்கிறது, வைப்பாறு இருக்கிறது.

சிலர் கேட்கலாம்: பாதைக்காகக் கூட்டமாகப் போய் எவராவது எதையாவது சாதித்ததுண்டா? உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சுற்றுவட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களும் 1932 ஏப்ரல் 24 அன்று, பணக்காரர்களின் வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலத்தின்மேல் நூற்றுக்கணக்கில் ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஆனால் நாடு அந்தக் கேள்வியை மறக்கவில்லை. 1951-இல் அந்த மேட்டு நிலம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குள் வந்தது. 2000-இல் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையைச் சட்டமே ஏற்றது. வாரம் ஆறு நாள் புகைக்குள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் நல்ல காற்றைத் தேடிப் போன தொழிலாளிகள் பெற்றுத் தந்த உரிமை அது. அவர்கள் அடுத்தவர் வேலியைத் தாண்ட வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. கண்மாய்க்கரையும் ஓடையும் வண்டிப்பாதையும் இன்றைக்கும் பொதுச் சொத்துதான். அங்கே போக வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

கூட்டமாகப் போவதும் நமக்குப் புதிதல்ல. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க எத்தனை ஊர்களிலிருந்து பாதயாத்திரை புறப்படுகிறது! அர்ச்சுனாவும் வைப்பாறும் சூழ்ந்த அந்த மண்ணுக்கு இரவு முழுக்க நடந்துபோகிற கால்கள் நம் கால்கள்தான். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற கால்களும் நம் கால்கள்தான். ஆண்டுக்கு ஒருமுறை சாமிக்காக நடக்கிற நாம், வாரம் ஒருமுறை ஊருக்காக ஓடினால் என்ன?

எப்படி ஓடுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1938-இல் கோலாலம்பூரில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய ஒரு முறை இருக்கிறது. முதல் ஆளாக ஒருவர் முன்னே போய் வழிநெடுக அடையாளம் இட்டுவைப்பார். கூட்டம் அந்த அடையாளத்தைத் தேடித் தேடிப் பின்னால் ஓடும். நடுநடுவே வேண்டுமென்றே தப்பு வழிகளும் இருக்கும். வேகமாக ஓடுகிறவர்கள் அந்தத் தப்பு வழியில் போய்த் திரும்புவதற்குள் மெதுவாக வருகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். இருபது வயதுப் பையனும் ஐம்பது வயது அண்ணாச்சியும் ஒரே கூட்டமாக ஓட இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அடையாளத்துக்கு அரிசி மாவு போதும். எறும்பும் குருவியும் தின்றுவிடும், குப்பை மிஞ்சாது. காகிதத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் நம் ஊர். ஆனால் ஒரு துண்டுக் காகிதம்கூட இந்தக் கரைகளில் விழக்கூடாது.

தொடக்கத்துக்குச் சிவகாசி பெரியகுளம் கண்மாய்க்கரை. ஓடிப் பழகாதவர்கள் அங்கே நடந்தே தொடங்கலாம். கால் பழகியதும் அர்ச்சுனா நதியோரமாக ஆனைக்குட்டம் பக்கம். விருதுநகர்த் தோழர்களுக்குக் கௌசிகா நதியில் குல்லூர்சந்தை அணை. சாத்தூர்த் தோழர்களுக்கு இருக்கன்குடிப் பாதை. வெம்பக்கோட்டைத் தோழர்களுக்கு வைப்பாற்றங்கரை. 2022 முதல் அங்கே மேட்டுக்காட்டில் நடந்த அகழாய்வு, இந்தக் கரையில் எத்தனை தலைமுறை மனிதர்கள் சங்கறுத்து வளையல் செய்து வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டியிருக்கிறது. அந்தக் குழிகளுக்குள் இறங்கக்கூடாது. தள்ளி நின்று பார்த்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அணைக்கரைகளில் ஏறுமுன் நீர்வளத்துறை ஆட்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஓட்டத்தின் கட்டுப்பாடுகள். இவற்றை மீறுகிறவருக்கு நம் ஓட்டத்தில் இடமில்லை என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். உயிர் விஷயம்.

ஒன்று: பட்டாசு ஆபீஸ் வேலியை ஒட்டி ஓடக்கூடாது. பாதுகாப்புக்காகத்தான் ஆபீஸைச் சுற்றிக் காலி இடம் விடுகிறார்கள். குறுக்கு வழி என்று அதற்குள் நுழைவது நம் உயிருக்கும் உள்ளே இருக்கிறவர்கள் உயிருக்கும் கேடு. அந்தப் பக்கம் மாவு அடையாளமும் வேண்டாம். தரையில் கிடக்கும் வெள்ளைப் பொடியைப் பார்த்து அங்கே வேலை செய்கிறவர்கள் பதறிப்போவார்கள். நம் ஓட்டத்தில் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் கூடாது.

இரண்டு: ஓடையிலோ கண்மாயிலோ பட்டாசுக் கழிவு கிடந்தால் தொடக்கூடாது, மிதிக்கக்கூடாது, கொளுத்தவே கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, காவல்துறைக்கும் வட்டாட்சியருக்கும் சொல்ல வேண்டும். திரி, மணிமருந்து எதையும் நமக்குத் தெரிந்த சரக்குத்தானே என்று கையிலெடுக்கிற துணிச்சல் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

மூன்று: பாதையை விட்டு விளைநிலத்துக்குள் இறங்கக்கூடாது. அது சம்சாரியின் பிழைப்பு. மக்காச்சோளக் காட்டில் பன்றிக்காகச் சிலர் கள்ளத்தனமாக மின்வேலி போட்டிருக்கக்கூடும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் புதருக்குள் மறைந்திருக்கும். வெளிச்சம் வருமுன் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். புதரோரம் விரியன் கிடக்கும் என்ற நினைவு எப்போதும் இருக்கட்டும்.

நான்கு: மலைக்குள் அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக்கூடாது. செண்பகத்தோப்பும் அய்யனார் அருவியும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் அழைக்கின்றன; ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமான அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேரை இழந்தோம். காய்ந்த புல், மேலேறும் காற்று, தப்ப வழியில்லாத சரிவு என்று எல்லாம் சேர்ந்து நடந்த கொடுமை அது. 2015 மே மாதம் சதுரகிரிப் பாதையில் ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு அறிவித்தது. மலைக்குப் போக விரும்புகிறவர்கள் அந்த வழியில் போகட்டும். நம் வேலை சமவெளியில். நம்மைத் தவிர யாரும் கவலைப்படாத கண்மாய்க்கரையில்.

ஐந்து: ஒருவரையும் பின்னால் விட்டுவிட்டு வரக்கூடாது. கிளம்பும்போது எண்ணிய தலை, திரும்பும்போதும் இருக்க வேண்டும். கடைசியாக வருகிறவர்தான் அன்றைய தலைவர்; அவர் வேகமே கூட்டத்தின் வேகம்.

பெண் தோழர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். இந்த வட்டாரத்தின் தொழிலைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பங்கு நீங்கள். ஆனால் விடியற்காலையில் ஊருக்கு வெளியே ஒரு பெண் ஓடினால், என்ன ஆச்சு என்று கேட்க நாலு பேர் வருகிற நிலை இன்னும் இருக்கிறது. தனியாக மாற்ற முடியாத அந்த நிலையைக் கூட்டமாக மாற்ற முடியும். அக்கா தங்கச்சியோடு வாருங்கள், மதினியைக் கூட்டி வாருங்கள். சுடிதாரோ சேலையோ, எது வசதியோ அதில் வாருங்கள். வழி தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் மாவு இடும் பொறுப்பும் உங்களுக்கும் உண்டு. ஆண் தோழர்களே, ஞாயிறு காலைச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் இது நடக்கும். அதையும் இந்த அறைகூவலின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த ஷூ வேண்டுமா என்று கேட்காதீர்கள். கருவேல முள் ஏறாத அடிப்பாகம் உள்ள எந்த ஷூவும் போதும். நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் கேட்கிறோம். வயதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். இந்தப் பாதைகளில் வண்டியோட்டிய கடைசித் தலைமுறை நீங்கள்தான். எது எந்த ஊருக்குப் போன வழி, எந்த மடைக்கு என்ன பெயர், எந்த ஓடை எங்கே திரும்பியது என்பதெல்லாம் உங்கள் நினைவில் இருக்கிறது. அது உங்களோடு போய்விடக்கூடாது. ஓட முடியாவிட்டால் பைக்கில் வந்து கரையில் நின்று சொல்லுங்கள்.

இப்போது அந்த ஒரு வேலை. ஒவ்வொரு ஊர்க் குழுவும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்த் தங்கள் ஊர் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள வண்டிப்பாதை, ஓடை, கண்மாய்க்கரை ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒன்றாக அவற்றில் ஓடிப் பார்க்க வேண்டும். எங்கே வழி திறந்திருக்கிறது, எங்கே முள் மூடியிருக்கிறது, எங்கே குப்பை, எங்கே வேலி என்று தேதியோடு படமெடுத்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கூடும் கிராமசபையில் அந்த நோட்டை வைத்து, இந்தப் பாதையைத் திறந்து விடுங்கள், இந்த ஓடையைத் தூர்வாருங்கள் என்று தீர்மானம் கேட்க வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வார்டு பகுதி சபையில் கேட்க வேண்டும். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். சாலை வரைபடமும் மனை வரைபடமும் தயாராகிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், மக்கள் பயன்படுத்தும் பாதைகளின் கணக்கும் மேசைமேல் இருந்தாக வேண்டும். பிந்தினால், இல்லாத பாதைக்கு வழக்காடிக்கொண்டிருப்போம்.

ஆகவே தோழர்களே, தீப்பெட்டி ஆபீஸிலிருந்தும் வெடி ஆபீஸிலிருந்தும் அச்சகத்திலிருந்தும் வாருங்கள். ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களோடு வாருங்கள். சம்சாரிகளே, எங்கள் கால் உங்கள் வரப்பில் படாமல் வழிகாட்ட வாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளே, படமெடுக்கவும் வரைபடம் போடவும் உங்கள் கை வேண்டும். ஞாயிறு காலை கிழக்கு வெளுத்ததும் பெரியகுளம் கரையில் கூடுவோம். ஒரு குப்பித் தண்ணீரும், ஒரு நோட்டும், கூட ஓட ஒரு ஆளும் கொண்டுவாருங்கள். ஓட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் பருத்திப்பால் உண்டு. இந்த வாரம் ஐம்பது பேராக வருவோம். அடுத்த வாரம் நூறு பேராவோம். மார்ச் 22-க்குள் ஊருக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு நோட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தீர்மானம் என்று செய்து முடிப்போம். புறப்படுங்கள்!